முள்வாங்கி

— இந்தா, அதைக் கிட்ட கொண்டாராத. கண் ஆப்பரேசனுக்கு வச்சிருக்குற மாதிரி இருக்கு.

— முள்ளுவாங்கிதான் மாமா. முனையைப் பாத்துப் பயந்துட்டீங்களா?

— இந்த நல்லகாமன் பயப்படுறதா? ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குன்னு கேக்குறேன். வண்டிச் சாவிக்கொத்துல ஒண்ணு தொங்குதுல்ல?

— அது காதுக்குறும்பி எடுக்கத்தான் லாயக்கு. நேத்து அதை வச்சு நோண்டுனேனே, என்னாச்சு? முள்ளை விட்டுட்டு முள்ளைச் சுத்தி இருந்த சதையைக் கவ்வுது. முனை ரெண்டும் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு.

— மக விட்டுட்டுப் போனது ஒண்ணு இருந்துச்சே.

— அது புருவம் எடுக்குறது மாமா. வாய் பட்டையா, சாய்வா இருக்கும். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற முடின்னா புடிக்கும். உங்க கால்ல ஏறுன முள்ளு தலையோட உள்ள போயிருச்சு. அதை எங்கிட்டுப் புடிக்க?

— அதுக்குன்னு காலையில போனவ இப்பத்தான் வார. முள்ளுவாங்கி வாங்கப் போனியா, செஞ்சு வாங்கிட்டு வந்தியா?

— மொதக் கடையில கேட்டா அங்க நின்ன புள்ளைக்கு வெளங்கவே இல்ல. முள்ளுக்கரண்டியா அக்கா, பாத்திரக் கடையில கேளுங்கன்னு சொல்லுது.

— ட்வீசர்னு கேக்கணும்டி கிறுக்கி.

— நம்ம வாயில முள்ளுவாங்கிதான வரும். அப்பறம் ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல, கட்டுத்துணி, சக்கர நாற்காலி எல்லாம் விக்கிறாகள்ல, அந்த வரிசையில ஒரு கடை. சூடாமணின்னு ஒரு அம்மா. சௌராஷ்டிராக்காரவுக. வீட்டுக்காரர்ட்ட அவுக பாஷையில என்னமோ சொன்னாக. அவரு உள்ள போயி எட்டு முள்ளுவாங்கி கொண்டாந்து துணி மேல பரப்பிட்டாரு.

— ஒரு முள்ளு எடுக்க எட்டா?

— நானும் அதைத்தான் கேட்டேன். இந்தா, இது முனையில பல்லு வச்சது, சதையைப் புடிக்கிறதுக்கு, உனக்கு வேணாம்னு தள்ளிட்டாக. இது நீட்டம், கை நடுங்கும். இது வளஞ்சது, பழகுனவுகளுக்குத்தான் ஆகும். இப்படியே ஒதுக்கி ஒதுக்கி மூணு நின்னுச்சு.

— நகைக்கடையில கூட நீ இப்படி உக்காந்ததில்ல.

— நகைக்கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போனாத்தான...

— சரி, சரி. மூணுல எதுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?

— மொத, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு ரெண்டு முனையையும் சேக்கணும். நடுவுல மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் வேணாம். பெறகு நல்லா அமுக்கிப் பாக்கணும். மட்டமானதா இருந்தா அமுக்க அமுக்க முனை விரியும், இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிரும். கடைசியா, பொறங்கையில இருக்குற பூமுடி ஒண்ணைப் புடிச்சு இழுக்கணும். வழுக்காம வந்துச்சுன்னா அதுதான் முள்ளுக்கு.

— உன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக் கூட நான் இம்புட்டுப் பாக்கல தங்கப்பொண்ணு.

— பாத்திருக்கணும். அப்பவே ஒதுக்கி வச்சிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன்.

— இழுத்துப் பாத்தியா?

— இந்தா பாருங்க, எம்புட்டு எடம் செவந்து கெடக்குன்னு. ஒரே ஒரு முடி. சுள்ளுன்னு இருந்துச்சு.

— ஒரு முடிக்கா?

— உணர்ச்சி இருக்குற தோலு மாமா. ஒரு முடிக்கும் சுள்ளுன்னுதான் இருக்கும்.

— சரி, சாவி எங்க?

— பத்திரமா இருக்கு.

— ஒர்க்‌ஷாப்புலருந்து வண்டி நேத்துத்தான் வந்திருக்கு. எட்டு நாளா ஓடாமக் கெடந்த வண்டியைக் கொஞ்சம் முன்னாடியே எடுத்து ஓட்டிப் பாக்கணும். மூணே முக்காலுக்குப் புள்ளைகளைக் கூட்டியார நான் ஸ்கூல் வாசல்ல நிக்கணும் புள்ள.

— நிக்கலாம். மொத முள்ளு.

— முள்ளைச் சாயங்காலம் பாத்துக்கிரலாம். எருக்கம்பாலுதான் வச்சிருக்கேன்ல. தானா வெளிய வந்துரும்.

— அதைச் சொன்னதுக்குத்தான் அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாக. சக்கரை இருக்குற ஆளு கால்லயா எருக்கம்பாலு வச்சீங்கன்னு. போயிப் பாருமா, சுத்தித் தோலு வெந்திருக்கும்னாக. காலையிலயே பாத்துட்டுத்தான் போனேன் மாமா. எட்டணா அகலத்துக்கு வெந்து போயிருக்கு. எரியலையா உங்களுக்கு?

— எரிஞ்சுச்சு. எரியாம என்ன.

— சொல்லவே இல்லையே?

— எதுக்கெடுத்தாலும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? ஆம்பள சின்ன எரிச்சலுக்கெல்லாம்...

— எத்தனை நாளாச்சுன்னு கேட்டாக. அஞ்சுன்னேன்.

— மூணுதான்.

— ஞாயித்துக்கிழமை மாமா. நீங்க ஸ்டாண்டுலருந்து வந்து வாசப்படி ஏறி அடுப்படி வரைக்கும் நடந்து வாரீங்க. பின்னாடியே தரையில பொட்டுப் பொட்டா ரத்தம். நான் பாத்துக் கத்துறேன். நீங்க காப்பியைக் கையில வாங்கிக்கிட்டு, யாருக்கு ரத்தம்னு என்னையக் கேக்குறீங்க.

— அது... அன்னைக்கு ஏதோ யோசனையில இருந்தேன்.

— இம்புட்டு நீளச் சீமைக்கருவேல முள்ளு உள்ளங்கால்ல ஏறுனது தெரியாத அளவுக்கு என்ன யோசனை?

— ஏத்தா, உனக்கு இப்ப என்னதான் வேணும்?

— அந்தம்மா இன்னொண்ணும் கேட்டாக. காலு எரிச்சல் இருந்து, பெறகு தானா நின்னுச்சான்னு.

— நின்னுச்சுதான். நல்ல விசயம்தான அது?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு வருசமா ராத்திரியெல்லாம் ஈரத்துணியைச் சுத்திக்கிட்டுப் பொரண்டு பொரண்டு படுத்தீங்க. சித்திரையில ஒருநா, எரிச்சல் விட்ருச்சுடின்னீங்க. பாண்டி கோயிலுக்குப் போயிப் பொங்க வச்சோம். நான் அங்கப்பிரதட்சணம் பண்ணேன்.

— அதுக்கு?

— அந்தம்மா சொல்லுறாக, எரிச்சல் நின்னது கொணமாகி இல்ல, நரம்பு செத்துப் போயி நின்னிருக்கும்னு. நாம அதுக்குப் போயி சாமிக்குப் பொங்க வச்சிருக்கோம் மாமா.

— முள்ளுவாங்கி விக்கிற பொம்பள டாக்டராக்கும்.

— டாக்டரு இல்ல. அவுக வீட்டுக்காரருக்கே ஒரு காலு கட்டைக்காலு. கடையில ஸ்டூல்ல உக்காந்திருந்தப்பத் தெரியல. எந்திரிச்சு உள்ள போகும்போதுதான் பாத்தேன். அவருக்கும் இப்படித்தான். முள்ளு இல்ல, செருப்பு ஆணி.

— இந்தக் கதைக்குத்தான் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்ல. சின்னானை நெனச்சுப் பாரு. ஒரே ஸ்டாண்டுல பதினாறு வருசம் என் வண்டிக்கு அடுத்த வண்டி. சுண்டுவெரலுன்னு போனான். முட்டோட எடுத்தாக. அடுத்த மாசி வரைக்கும் கூட இருக்கல.

— அவரு போனப்ப வெரலு கறுத்து மூணு மாசம் ஆகியிருந்துச்சு. சீக்கிரம் போயிருந்தா வெரலோட போயிருக்கும்.

— கடைசி வரைக்கும் வாசல்ல உக்காந்து, போற வார ஆட்டோவை எண்ணிக்கிட்டு இருந்தான்டி. என்னால அப்படி உக்கார முடியாது. வண்டி இல்லேன்னா நான் என்ன மனுசன்?

— வண்டி போயிரும்னுதான பயம்?

— பயம்னு யாரு சொன்னா? காலு நல்லாத்தான் இருக்கு.

— நேத்து பேயாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தாரு.

— ஒர்க்‌ஷாப்பு பேயாண்டியா? எதுக்கு?

— வண்டியை விட்டுட்டுப் போக. நீங்க டீக்கடைக்குப் போயிருந்தீங்க. பிரேக்கை ரெண்டு தடவை அவுத்துப் பாத்தேன் தங்கச்சி, புத்தம் புதுசாட்டம் இருக்கு, மச்சான் எதுக்குப் பிரேக்கு புடிக்கலைன்னு சொன்னாருன்னு தெரியலன்னாரு.

— அவனுக்கு என்ன தெரியும்? ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். சில நேரம் புடிக்கும், சில நேரம் புடிக்காது. அன்னைக்கு நான் மிதிச்சேன், நிக்கல. அம்புட்டுத்தான். லோடு வண்டிக்காரன் நடுரோட்டுல நிறுத்தியிருந்தான்.

— ஓரத்துலதான் நின்னுச்சுன்னு உங்க ஸ்டாண்டுச் சுடலை சொல்றான்.

— அவன் பாத்தானா?

— பின்னாடி வண்டியில வந்தவன் அவன்தான மாமா. அன்னைக்கு அடிபட்ட இந்துப்ரியா இன்னிக்கு மறுபடி நம்ம வண்டியில வருது. உங்க பக்கத்துல, முன் சீட்டுல.

— இப்ப நான் என்ன செய்யணும்ங்குற?

— ஒரு பேச்சு. நான் முள்ளை எடுக்குறேன். எடுக்கும்போது வலிச்சா சொல்லுங்க. கால்ல உணர்ச்சி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும், சாவி உங்க கையில. இல்லேன்னா நீங்க வண்டியைத் தொடக்கூடாது. என் கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்.

— நல்லா வலிச்சா நல்லாவே கத்துவேன். பெறகு நீ தெருவே கூடிருச்சுன்னு சொல்லக் கூடாது.

— கூடட்டும்.

— சாவி?

— வலிச்சாச் சாவி.

— சரி, ஆரம்பி.

— கட்டில்ல குப்புறப் படுங்க. காலு வாசப் பக்கம். உள்ளங்கால்ல வெளிச்சம் விழணும்.

— எனக்கு ஒண்ணும் தெரியாதே.

— உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? வலி தெரிஞ்சாப் போதும். மொகத்தைச் செவுத்துப் பக்கம் வச்சுக்கங்க.

— கொதிக்க வச்சியா அதை?

— பத்து நிமிசம். இப்ப ஸ்பிரிட்டுல தொடைக்குறேன்... உங்க காலையும் தொடைக்குறேன். ஜில்லுன்னு இருக்கா?

— ம். ஜில்லுன்னுதான் இருக்கு.

— வெந்த எடத்துல பட்டா எரியுமே.

— எரியுது, எரியுது. மெதுவாப் போடு.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. முனையில ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கு, கழட்டுறேன். கீழ மட்டும் போட்ராதம்மான்னு அந்தம்மா படிச்சுப் படிச்சு அனுப்புனாக. ஒரு தடவை தரையில விழுந்தா முனை கோணிக்கிருமாம். பெறகு முள்ளுக்கு ஆகாதாம்.

— கதை பேசாம எடு. மணி மூணாகப் போகுது.

— கதை பேசுனாத்தான் எனக்குக் கை நடுங்காது. சுடலை வீட்டுக்காரி நேத்து இந்துப்ரியா அம்மாவைப் பாத்தாளாம்.

— என்ன சொன்னாகளாம்?

— ஒதட்டுல தையலு பிரிச்சாச்சாம். நாலு தையலு.

— பல்லு?

— முன்பல்லு ரெண்டும் போச்சு மாமா.

— பால்பல்லாத்தான இருக்கும்? எட்டு வயசுதான்.

— விழுந்து முளைச்ச பல்லாம். இனிமே...

— என்ன நிறுத்திட்ட?

— இருங்க... ஆடாதீங்க.

— நான் எங்க ஆடுனேன்? சொல்லு. இனிமே வராதா?

— ...

— தங்கம்?

— வராது மாமா. கட்டுப்பல்லுதான். அதுவும் பெரியவளான பெறகுதான் வைப்பாகளாம்.

— அவுக அம்மா என்னைய ஏதாச்சும் திட்டுனாகளா?

— அதான் எனக்குத் தாங்கல. திட்டவே இல்லையாம். பாவம் அண்ணனுக்கு வண்டி இப்படிக் காலை வாரிருச்சேன்னு சொன்னாகளாம். பிரேக்கு சரி பண்ணியாச்சுல்ல, அப்ப அனுப்பி வைக்கிறேன், அவளுக்கும் நல்லகாமன் மாமா வண்டின்னாத்தான் பிரியம்னாகளாம்.

— நல்ல மனுசிதான்.

— நல்ல மனுசிதான்.

— நீ ஏன் அழுவுற?

— அழுவல. உறுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணுல தண்ணி வரும்.

— முள்ளு என்னாச்சு?

— இப்பத்தான்... தலை தெரியுது. இனிமேதான் புடிக்கணும். மாமா, வலிச்சா உடனே சொல்லுங்க. நான் நிறுத்திக்கிறேன்.

— சொல்றேன்.

— தோலை லேசா விலக்குறேன். வலிக்குதா?

— ஸ்ஸ்... ஆமா. மெதுவா.

— சரி. கொஞ்சம் பொறுங்க. இப்ப முனையை உள்ள விடுறேன்.

— ஆ! ஏய்! குத்திட்டியே!

— நெசமாவா?

— நெசமாவான்னு கேக்குறா பாரு. சுருக்குன்னு ஏறுது புள்ள. இந்தா, இன்னும் கூட விண் விண்ணுங்குது.

— எதுவரைக்கும்?

— கணுக்கால் வரைக்கும். இப்பத் தெரியுதா, காலு செத்துப் போகலன்னு?

— இருங்க. இன்னும் முள்ளு வரல.

— என்னமோ சொரண்டுற சத்தம் கேக்குதே?

— தோலு காஞ்சு தடிச்சுக் கெடக்கு. அதைத்தான் சொரண்டுறேன். உங்களுக்குத் தெரியலையா?

— தெரியுது, தெரியுது. கூச்சமா இருக்கு.

— இப்ப?

— அம்மாடி! மெதுவாடி. மனுசன் காலு அது.

— ஆமா. மனுசன் காலு.

— என்ன குரலு ஒரு மாதிரியா இருக்கு?

— எனக்கு ஒரு சந்தேகம் மாமா. அன்னைக்கு லோடு வண்டியைப் பாத்ததும் மிதிச்சீங்களா, பாக்காம விட்டுட்டீங்களா?

— மறுபடியுமா? பாத்தேன். மிதிச்சேன். பிரேக்கு புடிக்கல. போலீஸ்கார மனுசனே விட்டுட்டுப் போயிட்டாரு, நீ விட மாட்டியா?

— சரி. இப்ப கட்டைவெரலுக்குக் கீழ அமுக்குறேன். அங்கதான் முள்ளோட நுனி இருக்கு.

— யப்பா... போதும்டி. உசுரு போகுது.

— கடைசியா ஒரு இழுப்பு. பல்லைக் கடிச்சுக்கங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு!

— ஆத்தாடீ! வந்துருச்சா?

— வந்துருச்சு மாமா.

— காட்டு.

— இந்தாங்க.

— அடேயப்பா. அரை வெரலு நீளத்துக்கு இருக்கு. முனை முறியாம வந்திருக்கே. நல்ல முள்ளுவாங்கிதான். நெசமாவே பாத்துத்தான் வாங்கியிருக்க.

— ம்.

— ரத்தம் ரொம்ப வருதா?

— ரத்தம் இல்ல. சீழுதான்.

— அது கெடக்கட்டும். ஒரு துணியைச் சுத்தி விடு. ஷூ மாட்டிக்கிட்டா தெரியாது. சாவியை எடு. மணி என்ன?

— மூணு இருபது.

— நேரம் சரியா இருக்கு. போற வழியில அந்தப் புள்ளைக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிட்டுப் போகணும். கடிக்காமத் திங்கலாம்ல... ஏய், வாசல்ல யாரு ஆட்டோவை எடுக்குறது?

— சுடலை.

— அவன் வண்டி சத்தம் இப்படி இருக்காது. இது நம்ம வண்டி மாதிரி...

— நம்ம வண்டிதான் மாமா. சாவியை மத்தியானம் வரும்போதே அவன்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். புள்ளைகளை அவன் கூட்டியாருவான். அவுக அவுக வீட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

— என்ன சொன்ன?

— எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லன்னு.

— ஏய்! நீ வாக்குக் குடுத்த. வலிச்சாச் சாவின்ன. நான் கத்துனேனா இல்லையா?

— கத்துனீங்க.

— எத்தனை தடவை?

— அஞ்சு தடவை. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— பெறகென்ன? இம்புட்டு வலியைத் தாங்கிக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். ஏமாத்துறியா என்னைய? சுடலை... டேய் சுடலை! நிறுத்துடா!

— அவன் போயிட்டான். எந்திரிக்காதீங்க, கால்லருந்து சீழு வருது. நான் சொல்றதைக் கேளுங்க. இந்துப்ரியா பல்லைப் பத்திக் கேட்டீங்கள்ல. பால்பல்லாத்தான இருக்கும்னு.

— ஆமா, கேட்டேன். அதுக்கென்ன?

— அப்பவே முள்ளு வந்துருச்சு மாமா. ஆடாதீங்கன்னு சொன்னேன்ல, அப்ப. முனையை முழுசா உள்ள விட்டு, சதையை விலக்கி, அரை வெரலு முள்ளை வெளிய இழுத்தேன். பின்னாடியே சீழு கொட்டுச்சு, என் கையெல்லாம் ஆச்சு. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தீங்க. குரலு கூட மாறல.

— ...பேச்சு மும்முரத்துல இருந்திருப்பேன். அதுக்குப் பெறகு வலிச்சுச்சுல்ல? நீ குத்துன ஒவ்வொரு குத்துக்கும் நான்...

— அதுக்குப் பெறகு நான் உன் காலைத் தொடவே இல்ல மாமா. நான் குத்துனதெல்லாம் கட்டில் காலை. அஞ்சு தடவையும் கட்டில் காலைத்தான் குத்துனேன். சொரண்டுனதும் அதைத்தான். நீ கணுக்கால் வரைக்கும் விண் விண்ணுங்குதுன்ன.

— ...

— ஏதாச்சும் பேசு மாமா. என்னையத் திட்டவாச்சும் செய்யி. இருவத்திநாலு வருசத்துல உன்னைய நான் ஏமாத்துனது இந்த ஒரு தடவைதான்.

— அன்னைக்கும் நான் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன் தங்கம். இருக்குற பலமெல்லாம் சேத்து மிதிச்சேன். இடிச்சு நின்ன பெறகு, அந்தப் புள்ள வாயெல்லாம் ரத்தமா அழுவுது, நான் குனிஞ்சு பாக்குறேன்... என் காலு பக்கத்துத் தகரத்தை மிதிச்சுக்கிட்டு இருக்கு. பிரேக்கு மேல செருப்பு மட்டும்தான் கெடந்துச்சு.